லைசென்ஸ் செல்லும், உடம்பு செல்லுமா?



சொர்ணவாரி அறுப்பு முடிஞ்சுது. சம்பாவுக்கு மழையை எதிர்பார்த்து வரப்புல உக்காந்திருக்கேன். போன பதிவில் கீரை விதை எடுக்கிறது எப்படின்னு எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. நாலு மாசமா மனசுல ஒண்ணு கிடந்து உறுத்துது. அதை முதல்ல எழுதிடறேன்.

புதுசாப் படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. எங்க ஊர் மீஞ்சூருக்கு அந்தப் பக்கம். ஒண்ணரை ஏக்கர் நெல்லு, முப்பது சென்ட்டுல கீரையும் கத்திரியும். பத்தாவதோட படிப்பு நின்னுது. எங்க கிணத்துத் தண்ணி உப்பு. ராத்திரி மொட்டை மாடியில நின்னா அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியில சிவப்பு விளக்கு மினுக்கறது தெரியும். அதைத் தாண்டினா காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம். தெற்கே போனா எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம், சென்னைத் துறைமுகம். இத்தனைக்கும் சரக்கு போற வழியும் ஒண்ணுதான், நான் டிவிஎஸ் எக்ஸெல்லுல கீரைக்கட்டு எடுத்துக்கிட்டுப் போற வழியும் அதுதான்.

அந்த ரோட்டைப் பத்தி நகரத்துல இருக்கிற உங்களுக்குச் சொல்லணும். நீங்க எண்ணூர் விரைவு சாலையிலயோ மணலி ரோட்டுலயோ எப்பவாவது காருல போயிருந்தா பார்த்திருப்பீங்க. நாப்பதடி கன்டெய்னரை ஏத்திக்கிட்டு டிரெய்லருங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கும். காசிமேட்டு ஜீரோ கேட்டுல ஆரம்பிக்கிற வரிசை சில நாள் திருவொற்றியூரைத் தாண்டியும் நீளும். டிரைவருங்க வண்டியிலேயே தூங்கி, வண்டியிலேயே தின்னு, வண்டி நிழல்லயே குளிப்பாங்க. மணலிப் பக்கம் பெட்ரோல், டீசல், கேஸ் டேங்கர். அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் லாரி. இதுக்கு நடுவுலதான் ஸ்கூல் பிள்ளைங்க சைக்கிளும், மீன் கூடைக்காரங்க ஷேர் ஆட்டோவும், என் எக்ஸெல்லும்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். அடுத்தவனைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி அதான் முறை.

எனக்கு பத்து வருசமா சர்க்கரை. நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் விடிகாலையில மாத்திரையைப் போட்டுட்டு, பழையது சாப்பிட நேரம் இல்லாம கீரையை ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். மணலி புதுநகர் கிட்ட போறப்ப கை நடுங்குச்சு, வேர்த்துக் கொட்டுச்சு. ஓரமா நிறுத்தணும்னு நினைச்சது ஞாபகம் இருக்கு. நிறுத்தினது ஞாபகம் இல்ல. கண்ணைத் திறந்தப்ப டீக்கடை பெஞ்சுல கிடக்கறேன். கடைக்கார அம்மா சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ குடுத்தாங்க. "ஐயா, உனுக்குப் பின்னாடி வந்த லாரிக்காரன் பிரேக் போட்டான், அத்தாலதான் நீ இன்னிக்கு டீ குடிக்கிற"ன்னாங்க. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அரை மணி நேரம் உக்காந்துட்டு அதே வண்டியில திருவொற்றியூர் போய்க் கீரையைப் போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வாடிப் போனா யார் வாங்குவாங்க?

அடுத்த மூணாவது மாசம் எனக்கு 50 வயசு முடிஞ்சு லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டி வந்துது. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல ஒரு படிவம். அதுல கேள்வி இருக்கு. வலிப்போ திடீர் மயக்கமோ தலைசுத்தலோ உண்டா? 25 மீட்டர் தூரத்துல இருக்கிற கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுதா? மாலைக்கண் உண்டா? காது கேட்குதா? வண்டி ஓட்டினா ஆபத்து வர்ற மாதிரி வேற நோய் உண்டா? அந்தத் தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்கல. டக் டக்குன்னு எல்லாத்துக்கும் அவனே பதில் போட்டுட்டான். நான் பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். மயக்கம்ங்கிற வரியில அவன் "இல்லை" போட்டப்ப என் வாய் திறக்கல. நாப்பது வயசைத் தாண்டினவங்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணும், 1-ஏ படிவம்னு பேரு. அதுவும் கிடைச்சுது. கையெழுத்துப் போட்டவர் பேரைச் சொல்ல மாட்டேன். என் கையைக்கூட அவர் தொட்டுப் பார்க்கல. நானும் சொல்லல. 60 வயசு வரைக்கும் செல்லும்னு லைசென்ஸ் வீட்டுக்கு வந்துடுச்சு.

ஆக, பொய் சொல்லி லைசென்ஸ் வாங்கினவன்தான் நான். இப்ப மச்சான் கதைக்கு வர்றேன்.

என் வீட்டுக்காரியோட தம்பி திருவொற்றியூர்ல இருக்கான். இருபது வருசமா டிரெய்லர் டிரைவர். துறைமுகத்துக்கும் மணலி, மாதவரம் பக்கத்து கன்டெய்னர் யார்டுக்கும் நடுவுல ஓட்டறது அவன் வேலை. குடிக்க மாட்டான், வேகமா ஓட்ட மாட்டான். இந்த வருசம் மாசித் திருவிழாவுக்குத் தியாகராஜ சாமி கோயிலுக்குப் போயிட்டு, ராத்திரி அவன் வீட்டுலயே தங்கினோம். விடிகாலை மூணு மணி இருக்கும். உள்ளே பாத்திரம் உருள்ற சத்தம். எழுந்து போனா, அவன் தரையில கிடந்து வெட்டி வெட்டி இழுக்கறான், வாயில நுரை. என் மாமியார் பதட்டத்துல ஆணியில தொங்கின லாரி சாவியை எடுத்து அவன் கையில திணிச்சாங்க. இரும்பு குடுத்தா வலிப்பு நிக்கும்னு நம்ம பக்கத்து நம்பிக்கை. அதெல்லாம் நிக்காது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைக்கு அடியில துணியை வெச்சு, தானா அடங்கற வரைக்கும் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான். ரெண்டு மூணு நிமிசத்துல அடங்குச்சு.

அது முதல் தடவை இல்லைன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. ஆறு மாசத்துல மூணாவது தடவை. வீட்டுல எல்லாருக்கும் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. காலையில எட்டு மணிக்கு எழுந்தவன் முதல்ல தேடினது அந்தச் சாவியை.

"எங்கடா போற?"

"லோடு இருக்குது மாமா."

"ராத்திரி என்ன ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"தூக்கத்துலதான மாமா வருது. வண்டில வந்ததில்ல."

சண்டை போட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். ஸ்கேன் எடுத்தாங்க, மாத்திரை குடுத்தாங்க. வண்டி ஓட்டக் கூடாது, உயரத்துல ஏறக் கூடாது, கிணத்துல தனியா இறங்கக் கூடாதுன்னு டாக்டர் அம்மா தெளிவாச் சொன்னாங்க. தலையை ஆட்டிட்டு வந்தான். மறுநாள் டியூட்டிக்குப் போயிட்டான். நான் போன்ல திட்டினேன். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதறேன்.

"நீ மட்டும் இன்னா மாமா? மணலி புதுநகர்ல வுழுந்தியே, வண்டிய வித்துட்டியா? உனுக்கு நெலம் கீது. எனுக்கு லைசென்ஸ்தான் நெலம்."

நான் போனை வெச்சுட்டேன். சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல.

இங்க சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். காலேஜ் படிக்கிற என் பொண்ணு தேடி எடுத்துக் குடுத்தது இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல போட்டது. அதுல 16-ஆவது பிரிவு, ஒருத்தருக்கு நோயாலயோ ஊனத்தாலயோ வண்டி ஓட்டற தகுதி இல்லன்னு நம்பக் காரணம் இருந்தா, லைசென்ஸை எப்ப வேணும்னாலும் ரத்து பண்ணலாம், இல்லன்னா டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாடான்னு கேட்கலாம்னு சொல்லுது. 186-ஆவது பிரிவு, உடம்போ மனசோ சரியில்லன்னு தெரிஞ்சும் ஓட்டினா அபராதம்னு சொல்லுது. எவ்வளவு? முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000. நம்ம தமிழ்நாட்டுல ஹெல்மெட் போடாதவனுக்கும் அதே 1,000. ஹெல்மெட் போடாதவன் தன் மண்டையை உடைச்சுக்கறான். வலிப்பை மறைச்சு டிரெய்லர் ஓட்டறவன் எத்தனை பேர் மண்டையை உடைப்பான்? ரெண்டுக்கும் ஒரே விலை.

இன்னொண்ணு. முன்னாடியெல்லாம் லாரி, பஸ் ஓட்டற லைசென்ஸை மூணு வருசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2019 திருத்தத்துல அதை அஞ்சு வருசம் ஆக்கிட்டாங்க. மணலியில ஓடற டேங்கர் மாதிரி ஆபத்தான சரக்கு ஏத்தறவங்களுக்கு ஒரு வருசமா இருந்தது மூணு வருசம் ஆயிடுச்சு. ஆபீஸுக்கு அலையற அலைச்சல் குறைஞ்சுது, அது நல்லதுதான். ஆனா நாப்பது வயசுக்கு மேல அஞ்சு வருசத்துல ஒரு உடம்புல என்னென்னமோ வந்துடும். சர்க்கரை வரும், பிரஷர் வரும், கண்ணுல புரை விழும். லைசென்ஸ் அட்டைக்கு அதெல்லாம் தெரியாது. வாங்கின அன்னிக்கு இருந்த ஆளோட போட்டோதான் அதுல இருக்கு.

எங்க அப்பா காலத்துல ஒரு மாடு இருந்துது. ஒரு கண்ணுல பூ விழுந்துடுச்சு. அந்தப் பக்கத்துல ஆள் வந்தா மிரளும். அப்பா அதை வண்டியில பூட்டறதை நிறுத்திட்டார். ஆனா அடிமாட்டுக்கு விக்கல. சேத்து உழவுக்கு மட்டும், பழகின ஜோடியோட, அவர் கையாலயே ஓட்டுவார். தீவனத்தையும் குறைக்கல. வண்டியை விட்டு இறக்கறதுக்கும் தீவனத்தை நிறுத்தறதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துது. நாம டிரைவருக்கு ரெண்டையும் ஒண்ணாப் பண்றோம். அதனாலதான் அவன் மறைக்கிறான்.

கவர்மென்ட் பஸ் டிரைவரா இருந்தா கதை வேற. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016-ல 20-ஆவது பிரிவு இருக்கு. வேலையில இருக்கிறப்ப ஒருத்தருக்கு ஊனம் வந்தா அரசு நிறுவனம் அவரை நீக்கவும் கூடாது, பதவியை இறக்கவும் கூடாது, அதே சம்பளத்துல வேற வேலை குடுக்கணும்னு அது சொல்லுது. தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்துல நிறக்குருடுன்னு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு டிரைவருக்கு வேற பொருத்தமான வேலை குடுக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லுச்சு. சரியான தீர்ப்பு. ஆனா என் மச்சானுக்கு எந்தக் கழகம் இருக்கு? அவன் முதலாளிகிட்ட இருக்கிறது எட்டு வண்டி. மாசம் எத்தனை டிரிப்போ அத்தனை காசு. பெரும்பாலான கன்டெய்னர் டிரைவருங்க பிழைப்பு இப்படித்தான். உண்மையைச் சொன்னா அடுத்த நாளே சோறு இல்ல. அப்படி இருக்கிறவன்கிட்ட ஒரு படிவத்தை நீட்டி "உனக்கு வலிப்பு உண்டா?"ன்னு கேட்டா அவன் என்ன எழுதுவான்?

அந்தப் படிவத்துலயும் குறை இருக்கு. வலிப்பு உண்டா இல்லையான்னுதான் கேட்குது. கடைசியா எப்ப வந்துது, எத்தனை வருசமா வரலன்னு சொல்ல இடம் இல்ல. இங்கிலாந்துல வலிப்பு வந்தவங்க ஒரு வருசம் வராம இருந்தா காரை ஓட்ட விடறாங்க. லாரி, பஸ்னா பத்து வருசம் மாத்திரை இல்லாமலேயே வராம இருக்கணும். அப்படி ஒரு கணக்கு இருந்தா, இன்னிக்கு விட்டாலும் நாளைக்குத் திரும்பப் பிடிக்கலாம்ங்கிற நம்பிக்கையில மனுசன் உண்மையைச் சொல்லுவான். நம்ம நாட்டுலயும் மாத்த முடியாத விதி ஒண்ணும் இல்ல. லேசான நிறக்குருடு இருக்கிறவங்களுக்கு லைசென்ஸ் குடுக்கலாம்னு 2020 ஜூன்ல படிவத்தையே திருத்தினாங்களே.

ஆனா அந்த இங்கிலாந்துலயும் பொய் சொன்னா என்ன ஆகும்னு என் பொண்ணு ஒண்ணைக் காட்டினா. கிளாஸ்கோ நகரம், 2014 டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு ஜனங்க கடைவீதியில நிக்கிறாங்க. குப்பை லாரி ஓட்டினவருக்கு ஸ்டியரிங்குலயே நினைவு போயிடுச்சு. லாரி நடைபாதையில ஏறி ஆறு பேர் செத்தாங்க. விசாரணையில வெளியில வந்தது என்னன்னா, 2010-லயே அவர் ஒரு பஸ் ஓட்டறப்ப மயங்கியிருக்கார். அதை டாக்டர்கிட்டயும் லைசென்ஸ் ஆபீஸ்லயும் சரியாச் சொல்லல. சொல்லியிருந்தா அந்த ஆறு பேரும் பிழைச்சிருப்பாங்க. அவரும் கெட்டவர் இல்ல. வேலை போயிடும்னு பயந்திருப்பார், என் மச்சான் மாதிரி, என்னை மாதிரி.

நம்ம ஊர்லயும் ஒரு சம்பவம், ஆனா அது வேற மாதிரி. 2024 ஜூலையில வெள்ளகோவில்ல ஒரு ஸ்கூல் வேன் டிரைவருக்கு ஓட்டறப்பவே நெஞ்சுவலி வந்துது. அந்த வலியிலயும் வேனை ஓரமா நிறுத்திட்டு ஸ்டியரிங்குலயே உயிரை விட்டார். பிள்ளைங்க எல்லாம் தப்பிச்சாங்க. அவரை நான் கையெடுத்துக் கும்பிடறேன். திடீர்னு வர்றதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏறி உக்கார்றது வேற. எல்லாருக்கும் வண்டியை ஓரங்கட்ட அந்த நிமிசம் கிடைக்காது. வலிப்பு வந்தவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

கிளாஸ்கோ சமாச்சாரம் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. டீக்கடை பெஞ்சுதான் ஞாபகத்துக்கு வந்துது. அன்னிக்கு பிரேக் போட்ட அந்த லாரிக்காரனுக்கு அந்த நேரத்துல வலிப்பு வந்திருந்தா?

மறுநாள் ரெண்டு காரியம் பண்ணினேன். முதல்ல என் வண்டிச் சாவியை வீட்டுக்காரிகிட்ட குடுத்தேன். சர்க்கரை டாக்டர்கிட்ட போய் மயங்கி விழுந்த கதையை முதல் தடவையா முழுசாச் சொன்னேன். அவர் மாத்திரையை மாத்தினார், வெறும் வயித்துல வண்டி எடுக்கக் கூடாதுன்னார். இப்ப ஊருக்குள்ள மட்டும்தான் ஓட்டறேன், சட்டைப் பையில குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும். கீரை ரயில்ல போவுது. மீஞ்சூர்ல ஏத்தி திருவொற்றியூர்ல இறக்கறேன். கூலி, டிக்கெட் எல்லாம் போக வாரத்துக்கு நானூறு ஐநூறு நஷ்டம்தான்.

ரெண்டாவது காரியம், மச்சானோட முதலாளியைப் போய்ப் பார்த்தேன். போறதுக்கு முன்னாடி அவன் வீட்டுக்குப் போய், "நீயே சொல்லு, இல்லன்னா நான் சொல்றேன்"ன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அவன் பொண்டாட்டி வாசல்ல வந்து, "அண்ணே, புள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்டணும், சொல்லிடாதீங்கண்ணே"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. அந்தக் கையை விலக்கிட்டுப் போனது இருக்கே, அதான் நாலு மாசமா உறுத்துது.

முதலாளி நல்ல மனுசன். வெளியில அனுப்பல. யார்டுல வண்டி வரவு போக்கு எழுதற வேலை குடுத்தார். ஆனா சம்பளம் பாதி. பீஸுக்கு என் வீட்டுக்காரி வளையல் அடகுல இருக்கு. மச்சான் என்கூடப் பேசறதில்ல. அவன் அக்கா போன் பண்ணினா மட்டும் எடுக்கறான். மாத்திரை ஒழுங்காப் போடறானாம், அதுக்கப்பறம் வரலையாம். எனக்கு அது போதும்.

நான் பண்ணினது சரியா? சரின்னுதான் நினைக்கிறேன். ஆனா ஒரு குடும்பத்தோட வயித்துல அடிச்சுத்தான் ரோட்டைக் காப்பாத்த முடியும்னா, அந்த ஏற்பாட்டுல ஏதோ கோளாறு இருக்கு. நாடு முழுக்கப் போற சரக்கு இந்த ரோட்டுல போவுது. அந்தச் சரக்குல லாபம் பார்க்கிறவங்க நிறைய பேர். டிரைவர் படுத்தா தாங்கறதுக்கு மட்டும் அவன் பொண்டாட்டி தாலிதான்.

எனக்குத் தெரிஞ்ச வழியைச் சொல்றேன். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல இருந்து வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை குடுக்கறாங்க. எங்க ஊருக்கும் வர்றாங்க. டிரைவர் வீட்டுலயா இருக்கான்? ஜீரோ கேட் வரிசையிலயும், யார்டுலயும், லாரி நிக்கிற இடத்துலயும் வரட்டும். கண்ணைப் பார்க்கட்டும். புரைன்னா ஆபரேஷன் பண்ணிக்கிட்டுத் திரும்ப ஓட்டலாம். கண்ணாடின்னா மறுநாளே ஓட்டலாம். ஓட்ட முடியாததுல பாதி சரி பண்ணக்கூடியதுதான். நிஜமாவே முடியாதவங்களுக்கு, டாக்டர் சொல்லித் தானா லைசென்ஸை ஒப்படைச்சா, ஆறு மாசத்துக்காவது ஒரு தொகையும் வேற வேலை பழக வழியும் வேணும். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கு, துறைமுகத்துல வருமானம் இருக்கு. மனசு வெச்சா முடியாதா? அதோட, கையைத் தொடாம 1-ஏ படிவத்துல கையெழுத்துப் போடறது நிக்கணும்.

கடைசியா உங்களுக்கு. இதை லாரிக்காரன் கதைன்னு நினைச்சுப் படிச்சுட்டுப் போயிடாதீங்க. உங்க அப்பாவுக்கு எழுபது வயசு இருக்கும். ராத்திரி எதிர்ல வர்ற லைட் கூசுதுன்னு சொல்லுவார். போன மாசம் கேட்டுல காரை இடிச்சிருப்பார். 55 தாண்டினா அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுக்கிட்டே போகலாம், அதனால அவர் லைசென்ஸும் செல்லும். சாவியைக் கேட்டா அவர் மனசு நோகும்னு நீங்க சும்மா இருப்பீங்க. கேளுங்க. கேட்கிறப்ப, நாளையில இருந்து அவர் கோயிலுக்கும் பேங்க்குக்கும் எப்படிப் போவார்ங்கிறதையும் சேர்த்து யோசிச்சு வெச்சுக்கிட்டுக் கேளுங்க. என் மச்சான்கிட்ட நான் அதைச் சரியாப் பண்ணல. சாவியை மட்டும்தான் பிடுங்கினேன்.

புரட்டாசி முடிஞ்சதும் அவன் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி எடுத்துக்கிட்டுப் போகணும்னு இருக்கேன். ரயில்லதான். அவன் ஸ்டேஷனுக்கு வந்து மூட்டையைத் தூக்கிவிட வருவானா, பார்ப்போம்.

கீரை விதை அடுத்த பதிவில்.